‘தானா மூடிக்குதுண்ணா’: சாஃப்ட்வேர் எப்போது விழுகிறது என்று பார்த்துப் பிழை நீக்கும் வழி

நகரி, புத்தூர், பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை என்று இந்தத் தமிழ்நாடு-ஆந்திர எல்லைப் பக்கத்தில் எந்த டி.டி.பி. கடையில் (கம்ப்யூட்டரில் பத்திரிகை, பேனர் வடிவமைக்கும் கடை) கோரல் டிராவோ போட்டோஷாப்போ தானாக மூடிக்கொண்டாலும் முதல் வைத்தியம் ஒன்றுதான்: அன்இன்ஸ்டால் செய்து மறுபடி போடுவது. அதற்கும் கேட்கவில்லை என்றால், ‘ஃபார்மட் அடிச்சிடலாம்ணா’. இரண்டுமே கடைசியாகச் செய்ய வேண்டியவை. சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டாலும் உங்கள் ஃபான்ட், டிரைவர் (பிரிண்டர், திரை போன்றவற்றை இயக்கும் சாஃப்ட்வேர்), பிரிண்டர், கீபோர்டு சாஃப்ட்வேர், பழைய செட்டிங்ஸ் எதுவும் இடத்தைவிட்டு நகர்வதில்லை. அரை நாள் போனதுதான் மிச்சம்.

சாஃப்ட்வேர் எந்த நேரத்தில் விழுகிறது, அதாவது தானாக மூடிக்கொள்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. திறக்கும்போதா, டைப் அடிக்கும்போதா, பிரிண்ட் கொடுக்கும்போதா, வெயில் ஏறிய பிறகா? ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு. கீழே உள்ளது விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

எதையும் தொடுவதற்கு முன்

சாஃப்ட்வேர் விழும்போதெல்லாம் விண்டோஸ் அதைக் குறித்து வைக்கிறது. ஸ்டார்ட் அழுத்தி ஆங்கிலத்தில் ‘ரிலையபிலிட்டி’ என்று தட்டினால் ‘வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி’ வரும். தேதிவாரியாக ஒரு கோடு, விழுந்த நாட்களில் சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி. அந்த நாளைக் கிளிக் செய்து, கீழே வரும் வரியை இரட்டைக் கிளிக் செய்தால் விவரம் விரியும். அதில் ‘ஃபால்ட் மாட்யூல் நேம்’ என்ற வரியைப் பாருங்கள்.

அங்கே அந்தச் சாஃப்ட்வேரின் பெயர் இல்லாமல் வேறு பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. என்வி என்ற எழுத்துகளில் தொடங்கினால் என்விடியாவின் டிஸ்ப்ளே டிரைவர். ஐஜி என்றால் பெரும்பாலும் இன்டெல். ஏடிஐ என்றால் ஏஎம்டி. பிரிண்டர் கம்பெனியின் பெயரோ கீபோர்டு சாஃப்ட்வேரின் பெயரோ இருந்தால் சொல்லவே வேண்டாம். ‘என்டிடிஎல்எல்’ என்று இருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். அது விண்டோஸின் அடிப்படைக் கோப்பு. யார் தப்பு செய்தாலும் பல நேரம் அதன் பெயரில்தான் பதிவாகும். அதை எங்கிருந்தோ டவுன்லோடு செய்து மாற்றிப் போடச் சொல்லும் வீடியோக்கள் பக்கமே போக வேண்டாம்.

அதே பக்கத்தில் இன்னொரு லாபம் உண்டு. சிவப்புக் குறி முதன்முதலில் விழுந்த நாளிலோ அதற்கு முந்தின நாளிலோ எந்த அப்டேட் ஏறியது, எந்த டிரைவர் மாறியது, எந்தப் புதுச் சாஃப்ட்வேர் வந்தது என்பதும் அங்கேயே இருக்கும். கடைக்காரரிடம் போனில் கேட்டால் வரும் பதில் எப்போதும் ஒன்றுதான்:

“நேத்து வரைக்கும் நல்லாத்தாண்ணா ஓடுச்சு.”

“நேத்து புதுசா என்ன போட்டீங்க?”

“ஒண்ணும் போடலைண்ணா... ஒரு தெலுங்குக் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும் பென் டிரைவ்ல ஃபான்ட் குடுத்தாங்க, அதை ஏத்துனேன்.”

அந்த ‘மட்டும்’ என்ற வார்த்தைக்காகத்தான் காத்திருக்க வேண்டும்.

அப்புறம் ஒரு சின்னச் சோதனை. செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் போய் விண்டோஸில் புதிதாக ஒரு யூசரை உருவாக்கி, அதில் நுழைந்து அதே சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடினால் சாஃப்ட்வேரும் விண்டோஸும் நன்றாகவே இருக்கின்றன. உங்கள் யூசருக்குள் இருக்கும் ஏதோ ஒரு செட்டிங்கோ, அந்த யூசருக்கு மட்டும் ஏற்றிய ஃபான்ட்டோதான் கெட்டிருக்கிறது. அங்கேயும் விழுந்தால் காரணம் சிஸ்டம் முழுக்கப் பொதுவானது: டிரைவர், எல்லா யூசருக்கும் ஏற்றிய ஃபான்ட், ரேம், டிஸ்க். பத்து நிமிட வேலைதான், தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

திறக்கும்போதே மூடிக்கொள்கிறது

புது யூசரில் ஓடியது என்றால் முதலில் பழைய செட்டிங்ஸை அழித்துப் பாருங்கள். கோரல் டிராவுக்கு ஐகானைக் கிளிக் செய்தவுடன் எஃப்8 விசையை அழுத்திப் பிடியுங்கள். ஒர்க்ஸ்பேஸைப் பழையபடி மாற்றவா என்று கேட்கும். போட்டோஷாப்புக்கு கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் மூன்றையும் சேர்த்துப் பிடித்தால் செட்டிங்ஸ் கோப்பை அழிக்கவா என்று கேட்கும். வெறும் ஷிப்ட் மட்டும் பிடித்துத் திறந்தால் வெளியிலிருந்து போட்ட பிளக்இன்களை விட்டுவிட்டுத் திறக்கும். அப்போது ஓடினால் ஆல்பம் டிசைனுக்கு என்று யாரோ கொடுத்த அந்த பிளக்இன்தான் ஆள்.

கடைசியில் ‘7பி’ என்று முடியும் எண்ணோடு பிழைச் செய்தி வந்தால் 32 பிட், 64 பிட் கோப்புகள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விஷுவல் சி பிளஸ் பிளஸ் தொகுப்பை 32, 64 இரண்டு வகையிலும் போட்டால் பெரும்பாலும் சரியாகும். விண்டோஸ் 64 பிட்தானே என்று 64ஐ மட்டும் போட்டு நிறுத்திவிடக் கூடாது.

இன்னொன்று, நம் ஆட்கள் ஆசையாகச் செய்வது. விண்டோஸ் போடும்போதே யூசர் பெயரைத் தமிழிலோ தெலுங்கிலோ கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெயரிலேயே சி டிரைவில் ஃபோல்டர் உருவாகிவிடும். யூனிகோடு (எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவான குறியீட்டு முறை) வருவதற்கு முந்தைய காலத்துச் சாஃப்ட்வேர்களால் அந்தப் பாதையைப் படிக்க முடியாது. தற்காலிகக் கோப்பை எழுத இடம் கிடைக்காமல் அப்படியே மூடிக்கொள்ளும். செட்டிங்ஸில் பெயரை மாற்றினால் திரையில் தெரியும் பெயர்தான் மாறும், ஃபோல்டர் மாறாது. ஆங்கில எழுத்தில் புது யூசரை உருவாக்கி அதற்குக் குடிபெயர்வதுதான் சுலபம்.

கிராக் போட்ட (காசு கொடுக்காமல் பூட்டை உடைத்து ஓட்டும்) சாஃப்ட்வேர் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இந்தத் தொழிலில் பேசாமல் இருக்க முடியாது. நேற்றுவரை ஓடி, இன்று காலையில் திறக்கவே இல்லை என்றால் ஆன்டிவைரஸின் ‘புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி’யைப் பாருங்கள். மாற்றி வைத்த கோப்பை அது தூக்கிக் கொண்டுபோய் அடைத்திருக்கும். ஆன்டிவைரஸை நிறுத்தி வைப்பது தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன். அந்தச் சிஸ்டத்தில்தான் கடையின் ஜி.எஸ்.டி. பாஸ்வேர்டும் இருக்கிறது.

ஃபான்ட் பட்டியலைத் தொட்டால், அல்லது தமிழிலிருந்து தெலுங்குக்கு மாறினால் விழுகிறது

எங்கள் பக்கத்தில் அதிகம் பார்ப்பது இதைத்தான். சென்னையில் ஒரு கடைக்குத் தமிழும் ஆங்கிலமும் போதும். இங்கே பெண் வீடு புத்தூர், பையன் வீடு திருத்தணி என்றால் ஒரே பத்திரிகையில் ஒரு பக்கம் தெலுங்கு, ஒரு பக்கம் தமிழ். ஆகவே ஒரே சிஸ்டத்தில் பாமினி, வானவில் வகை, டேம், டேப், அனு என்று வரிசையாக ஃபான்ட்கள். அவற்றை அடிக்க என்எச்எம் ரைட்டர், அழகி, அனு ஸ்கிரிப்ட் மேனேஜர் என்று கீபோர்டு சாஃப்ட்வேர்கள். தனித்தனியே எதன் மீதும் குற்றம் இல்லை. மூன்றும் ஒரே நேரத்தில் டாஸ்க்பாரின் ஓரத்தில் உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல்.

இந்தக் கீபோர்டு சாஃப்ட்வேர்கள் பொதுவாக, நீங்கள் அழுத்தும் விசையைக் கோரலுக்குப் போகும் வழியிலேயே பிடித்து மாற்றிக் கொடுக்கின்றன. இரண்டு பேர் ஒரே விசையைப் பிடித்தால் எழுத்து இரட்டிக்கும், அல்லது சாஃப்ட்வேர் உறையும், அல்லது மூடிக்கொள்ளும். மொழி மாற்றும் ஷார்ட்கட் இரண்டிலும் ஒன்றாக இருந்தால் இன்னும் மோசம். சோதிப்பது எளிது: எல்லாவற்றையும் எக்ஸிட் கொடுத்து வெளியேற்றிவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் சிறிது நேரம் வேலை செய்யுங்கள். விழவில்லையா? ஒன்றை மட்டும் திறந்து அடியுங்கள். அதிலும் விழவில்லை என்றால் இனி எப்போதும் ஒரு நேரத்தில் ஒன்றுதான் என்று கடைக்குச் சட்டம் போட்டுவிடுங்கள். ஸ்டார்ட்அப் பட்டியலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் தேவைப்படும்போது மட்டும் திறக்கலாம். யூனிகோடில் மட்டும் அடிப்பவர்களுக்கு விண்டோஸோடு வரும் தமிழ், தெலுங்கு கீபோர்டுகளே போதும்.

கோரலை ‘ரன் அஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்’ கொடுத்துத் திறந்துவிட்டு, கீபோர்டு சாஃப்ட்வேரைச் சாதாரணமாகத் திறந்தால் தமிழே வராது. அது கோளாறு இல்லை, விண்டோஸின் பாதுகாப்பு ஏற்பாடு. இரண்டையும் ஒரே மாதிரி திறக்க வேண்டும்.

இப்போது ஃபான்ட். ‘பத்தாயிரம் ஃபான்ட் டிவிடி’ ஒன்று ஊர் ஊராகச் சுற்றுகிறது. அதை மொத்தமாகச் செலக்ட் செய்து இன்ஸ்டால் கொடுத்தவர்கள் கோரலில் ஃபான்ட் பட்டியலை இறக்கும்போதெல்லாம் கடவுளை வேண்டிக்கொள்ள வேண்டியதுதான். கெட்டுப்போன ஒரே ஒரு ஃபான்ட் கோப்பு போதும். பட்டியலில் அதன் முறை வந்து, அதன் உருவத்தை வரைய முயலும் இடத்தில் சாஃப்ட்வேர் விழும். எப்போதும் பட்டியலில் ஏறக்குறைய ஒரே எழுத்தருகே வந்ததும் மூடிக்கொள்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

கண்டுபிடிக்கப் பாதிப் பாதியாகப் பிரிக்கும் முறை. முதலில் ஒரு ரீஸ்டோர் பாயின்ட் (ஏதாவது கெட்டால் விண்டோஸை இப்போதைய நிலைக்குத் திருப்ப உதவுவது) போட்டுவிடுங்கள். நீங்கள் ஏற்றிய ஃபான்ட்கள் எல்லாவற்றையும் டி டிரைவில் ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்துக்கொண்டு, விண்டோஸிலிருந்து நீக்குங்கள். ஏரியல், டஹோமா, சிகோ, நிர்மலா, லதா போன்ற விண்டோஸின் சொந்த ஃபான்ட்களில் கை வைக்க வேண்டாம். ரீஸ்டார்ட் செய்து கோரல் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் எடுத்து வைத்ததில் பாதியை ஏற்றுங்கள். விழவில்லை என்றால் கெட்டது மறுபாதியில் இருக்கிறது. விழுந்தால் இந்தப் பாதியில். இப்படிப் பிரித்துக்கொண்டே போனால் 600 ஃபான்ட் இருந்தாலும் பத்துச் சுற்றுக்குள் ஆள் அகப்படுவான். ஃபான்ட் கோப்பை இரட்டைக் கிளிக் செய்யும்போது மாதிரி எழுத்து தெரியாமல் பிழை காட்டினால் அதைச் சோதிக்கவே வேண்டாம், நேராகக் குப்பைக்கு. ஒரே ஃபான்ட் இரண்டு கோப்புப் பெயரில் இருந்தாலும் ஒன்றை எடுத்துவிடுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் பேஜ்மேக்கரில் மட்டும் புது ஃபான்ட் தெரியவில்லை என்றால் அது வேறு கதை. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, ஃபான்ட்டைச் சாதாரணமாக இன்ஸ்டால் செய்தால் அது அந்த யூசரின் ஃபோல்டருக்குள்தான் போகிறது. பழைய சாஃப்ட்வேர்கள் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. ரைட் கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். அதேபோல, விண்டோஸின் ரீஜன் பகுதியில் ‘பீட்டா’ என்ற அடைமொழியோடு யுடிஎஃப்-8 என்று ஒரு கட்டம் இருக்கும். யாராவது அதில் டிக் அடித்திருந்தால் பாமினி காலத்துச் சாஃப்ட்வேர்கள் கன்னாபின்னாவென்று எழுத்தைக் காட்டும், சில திறக்கவே மறுக்கும். டிக்கை எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பிரிண்ட் கொடுத்தால், அல்லது ஃபைலைத் திறந்தவுடன் உறைகிறது

பிரிண்ட் கொடுக்கவே இல்லையே, பிரிண்டர் எப்படிக் காரணமாகும் என்று கேட்பார்கள். வேர்டு, கோரல், பேஜ்மேக்கர் எல்லாம் பக்கத்தின் அளவையும் ஓரத்தையும் கணக்கிட டீஃபால்ட் பிரிண்டரை விசாரிக்கின்றன. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7க்குப் பிரிண்டர் இல்லாமல் கையும் ஓடாது காலும் ஓடாது. அந்த டீஃபால்ட் பிரிண்டர் பக்கத்து அறையில் அணைந்து கிடக்கும் நெட்வொர்க் பிரிண்டராக இருந்தால் பதிலுக்குக் காத்துக்காத்தே சாஃப்ட்வேர் உறையும்.

‘மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப்’ என்பதை டீஃபால்ட் ஆக்கிவிட்டுத் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் பழைய பிரிண்டரின் டிரைவரை எடுத்துவிட்டு, கம்பெனி தளத்திலிருந்து புதிதாகப் போட வேண்டும். பிரிண்டர் செட்டிங்ஸில் ‘லெட் விண்டோஸ் மேனேஜ்’ என்று தொடங்கும் கட்டத்தையும் அணைத்து வையுங்கள். இல்லாவிட்டால் கடைசியாக எதில் அடித்தீர்களோ அதையே டீஃபால்ட் ஆக்கிக்கொண்டிருக்கும்.

பெரிய ஃப்ளெக்ஸைத் திறந்தால், ஸூம் செய்தால் விழுகிறது

ஆடிக் கிருத்திகை நெருங்கினால் திருத்தணிப் பக்கம் முழுக்க பேனர் வேலைதான். இருபது அடி பேனரை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) போட்டோஷாப்பில் திறந்தால் 8 ஜிபி ரேம் திணறத்தான் செய்யும். தூரத்திலிருந்து பார்க்கும் ஃப்ளெக்ஸுக்கு 72 போதும். ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் கேட்டாலே சொல்வார்கள். அதைச் செய்தும் விழுந்தால் போட்டோஷாப் பிரிஃபரன்ஸில் பர்ஃபார்மன்ஸ் பக்கம் போய் ‘யூஸ் கிராஃபிக்ஸ் பிராசசர்’ டிக்கை எடுத்துப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் டிஸ்ப்ளே டிரைவர் மீது குற்றம். அப்டேட்டுக்குப் பிறகு வந்த தொல்லை என்றால் டிவைஸ் மேனேஜரில் ‘ரோல் பேக் டிரைவர்’. பழைய டிரைவர் என்றால் புதியது.

சி டிரைவில் எவ்வளவு இடம் மிச்சம் இருக்கிறது என்றும் பாருங்கள். ரேம் போதாதபோது விண்டோஸும் போட்டோஷாப்பும் டிஸ்க்கில்தான் எழுதிக்கொள்ளும். ‘வேகமாகும்’ என்று யாரோ சொன்னதைக் கேட்டு விர்ச்சுவல் மெமரியை அணைத்து வைத்திருப்பவர்கள் உண்டு. திரும்பவும் ‘சிஸ்டம் மேனேஜ்டு’ ஆக்கிவிடுங்கள்.

காலையில் ஓடுகிறது, மதியத்துக்கு மேல் விழுகிறது

இது வெப்பம். அதிலும் நகரி, ஏகாம்பரகுப்பம், அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை என்றால் வெப்பத்தோடு தறியும் சேர்ந்துகொள்கிறது. விசைத்தறி ஓடும் தெருவில் காற்றிலேயே பஞ்சு இருக்கிறது. சிபியூவின் மேல் இருக்கும் ஃபேனைக் கழற்றிப் பார்த்தால் ஃபேனுக்கும் ஹீட்சிங்க்கின் அலுமினியத் தகடுகளுக்கும் நடுவில் பஞ்சும் தூசியும் அழுத்திப் படிந்து, கத்தரித்து வைத்த கம்பளித் துண்டு போல ஒரே தகடாக உரிந்து வரும். வெளியிலிருந்து பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது, எல்லாம் சரியாகத்தான் இருக்கும். காற்று மட்டும் உள்ளே போகாது.

எச்டபிள்யூ மானிட்டர் போன்ற இலவச சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு வெப்பநிலையைப் பாருங்கள். பல இன்டெல் பிராசசர்களுக்கு 100 டிகிரி செல்சியஸ்தான் எல்லை. அதை நெருங்கியதும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதற்கும் அடங்காவிட்டால் சிஸ்டமே அணைந்துவிடும். கிராஃபிக்ஸ் கார்டு சூடானால் அறிகுறி வேறு: திரை ஒரு நொடி கறுத்துத் திரும்பும், கோரல் மட்டும் காணாமல் போயிருக்கும். கார்டு 2 நொடிக்குள் பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரையே ரீஸ்டார்ட் செய்துவிடுகிறது. அதை நம்பி ஓடிக்கொண்டிருந்த சாஃப்ட்வேர் விழுகிறது.

பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் திறந்து, பஞ்சை முதலில் கையாலும் பிரஷ்ஷாலும் எடுங்கள். பிறகு புளோயர் வைக்கலாம். வைக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், தாறுமாறாகச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பங்சர் கடை கம்ப்ரசரிடம் கொண்டுபோகாதீர்கள். அதன் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டுப் புது தெர்மல் பேஸ்ட் வைத்துத்தான் மாட்ட வேண்டும். தறி ஓடும் வீட்டிலேயே கடை என்றால் சிபியூ பெட்டியைத் தரையில் வைக்க வேண்டாம், பஞ்சு தரையில்தான் உருளும்.

ஒவ்வொரு முறையும் வேறு வேறு சாஃப்ட்வேர் விழுகிறது

இன்று கோரல், நாளை குரோம், அப்புறம் டாலி, இடையில் ஒரு நீலத் திரை. இதற்குப் பெரும்பாலும் எந்தச் சாஃப்ட்வேரும் காரணம் இல்லை. ரேமைச் சோதியுங்கள். ஸ்டார்ட்டில் ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ என்று தட்டினால் ரீஸ்டார்ட் ஆகிச் சோதிக்கும். ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்பக் கூடாது. இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஒன்றோடு ஓட்டிப் பாருங்கள். வேறு வேறு கம்பெனி ரேமைச் சேர்த்துப் போட்டிருந்தாலோ, பயாஸில் எக்ஸ்எம்பி போட்டு வேகத்தைக் கூட்டியிருந்தாலோ அதைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

ரேம் நன்றாக இருந்தால் டிஸ்க். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் ‘காஷன்’ என்று மஞ்சளாகக் காட்டினால் பிழை நீக்குவதை நிறுத்திவிட்டு முதலில் டேட்டாவைக் காப்பி எடுங்கள். அதுவும் சரியென்றால் கரண்ட். ஈவன்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியில் ‘கெர்னல் பவர் 41’ அடிக்கடி இருந்தால் சிஸ்டம் முறையாக மூடப்படாமல் நின்றிருக்கிறது. பக்கத்து ஷெட்டில் மோட்டார் போடும் நேரத்தோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் எஸ்எம்பிஎஸ் (சிஸ்டத்துக்குள் கரண்ட் கொடுக்கும் பெட்டி), யூபிஎஸ் பேட்டரி, எர்த் மூன்றையும் எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும்.

சேவ் கொடுக்கும்போது மட்டும்

ஃபைல் டாக்குமென்ட்ஸிலோ டெஸ்க்டாப்பிலோ இருந்தால், டி டிரைவில் வேறு ஃபோல்டரில் சேவ் செய்து பாருங்கள். அங்கே ஆகிறது என்றால் ஒன்றுக்கு இரண்டு காரணம்: ஒன்டிரைவ் (மைக்ரோசாஃப்டின் ஆன்லைன் சேமிப்பு) அந்த ஃபோல்டரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருக்கிறது, அல்லது விண்டோஸ் செக்யூரிட்டியில் ‘கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்செஸ்’ (தெரியாத சாஃப்ட்வேர் அந்த ஃபோல்டரில் எழுதாமல் தடுப்பது) போடப்பட்டிருக்கிறது. இரண்டையும் அங்கங்கே போய்ச் சரிசெய்யலாம். பென் டிரைவிலேயே ஃபைலைத் திறந்து அதிலேயே சேவ் செய்பவர்கள் முதலில் அந்தப் பழக்கத்தை விடுங்கள்.

எதிலும் அடங்கவில்லை என்றால்

க்ளீன் பூட், அதாவது வெளியிலிருந்து வந்த சர்வீஸ்கள் எதுவும் கூட ஓடாமல் விண்டோஸைத் தொடங்குவது. ‘எம்எஸ்கான்ஃபிக்’ திறந்து சர்வீசஸ் பக்கத்தில் முதலில் ‘ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்’ டிக் அடித்து, மிச்சம் இருப்பதை எல்லாம் அணையுங்கள். டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப்பையும் அணைத்து ரீஸ்டார்ட். முதல் டிக்கை மறந்தால் விண்டோஸின் சொந்த சர்வீஸ்களும் அணைந்து வேறு தலைவலி வரும். இப்போது ஓடினால், ஃபான்ட்டுக்குச் செய்தது போலவே பாதிப் பாதியாகத் திருப்பிப் போட்டுக் கண்டுபிடிக்கலாம். பெரும்பாலும் இரண்டாவதாகப் போட்ட ஆன்டிவைரஸோ, ‘பிசி கிளீனர்’ வகையறாவோ மாட்டும்.

புது யூசர், க்ளீன் பூட், இன்னொரு கடையின் சிஸ்டம் என்று மூன்றிலும் அதே ஃபைல் அதே இடத்தில் விழுந்தால்தான் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுத வேண்டும். பதிப்பு எண், மாட்யூல் பெயர், எக்ஸெப்ஷன் கோடு (இதுவும் ரிலையபிலிட்டி பக்கத்திலேயே இருக்கும்), எந்த பட்டனை அழுத்தியதும் விழுந்தது என்பதை எழுதி, அந்த ஃபைலையும் சேர்த்து அனுப்புங்கள். அனுப்பும் முன் பத்திரிகையில் இருக்கும் வாடிக்கையாளரின் பெயர், விலாசம், போன் நம்பரை அழித்துவிட்டு, அழித்த பிறகும் விழுகிறதா என்று ஒரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.